ப்ரோப் முனையில் ஒரு விரல்

ப்ரோப் முனையை யாரும் தொட்டிருக்கவில்லை. மேஜை விளக்கின் கழுத்தில் சுற்றி மாட்டியிருந்த அதன் சாம்பல்நிற ஒயர் அசையாமல் தொங்கியது. ஊசி போன்ற முனை எதன்மீதும் படாமல் வெறும் காற்றில் நின்றது. ஆனால் அந்த முனை தொடும் மின்சாரத்தை அலையாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பின் சின்னத் திரையில் நேர்க்கோடாகப் படுத்திருக்க வேண்டிய பச்சை ஒளி, அந்த முனையில் யாரோ விரலை வைத்து அழுத்திக்கொண்டிருப்பதுபோல, கொழுத்த அலையாக எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது.

“சனியனே,” என்றாள் ஷீலா. கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மேஜைமேல் எறிந்தாள்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் செய்கிற முதல் சோதனை அது. ஸ்கோப்பை ஓடவிட்டதும் ப்ரோப்பின் முனையை விரலால் தொடுவார்கள். சுவர்களுக்குள் ஓடும் வீட்டு மின்சாரத்தின் சாயலை மனித உடம்பு ஏரியல்போல வாங்கி வைத்திருக்கும். விரல் பட்டதும் கோடு அலையாகும், எடுத்ததும் அடங்கும். அலை வந்தால் பெட்டி பிழைத்துவிட்டது. விரல் இல்லாமலே வந்தால் எங்கோ ஒயர் விட்டிருக்கிறது. வேறு அர்த்தம் கிடையாது. இரும்புலியூரில், ஜிஎஸ்டி ரோட்டு லாரிகளின் உறுமலில் ஜன்னல் கண்ணாடி ஓயாமல் அதிர்கிற அந்த முன்னறையில் வாரக்கணக்கில் உட்கார்ந்து, இந்தப் பெட்டியின் கோளாறுகளை ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டு வந்தவளுக்கு, எல்லாம் முடிந்த நேரத்தில் இப்படி ஒன்று முளைத்ததும் பயம் வரவில்லை. ஆத்திரம் வந்தது.

ஆத்திரம் இல்லாமல் அவள் இந்தப் பெட்டியை ஒருநாளும் தொட்டதில்லை. அவள் கணவன் ஆல்வினைக் கொன்ற பெட்டி அது.

கீழ்க்கட்டளையில் சத்யநாராயணன் நடத்தும் யுபிஎஸ் சர்வீஸ் கடையில் ஆல்வின் வேலை பார்த்தான். போன கோடையில் ஒரு மத்தியானம் அந்தக் கடையின் மேஜையடியில் சுருண்டு விழுந்து செத்துப்போனான். குடித்துவிட்டு வந்து, திறந்து வைத்த யுபிஎஸ்ஸுக்குள் கையை விட்டுவிட்டான் என்று சத்யநாராயணன் போலீசில் சொன்னார். ஸ்கோப்பா, என் கடையில் ஸ்கோப்பே கிடையாதே என்றும் சொன்னார். ரத்தத்தைச் சோதித்த அறிக்கை இன்னும் வந்தபாடில்லை. வதந்தி அன்றைக்கே வந்துவிட்டது. அடக்கத்துக்கு வந்தவர்கள் திரும்பிப் போகும்போதே, தெருமுனையில் செருப்பைத் தேய்த்தபடி, பாவம் நல்ல பையன், ஆனா குடி, என்றார்கள். ஆல்வின் டீயைத் தவிர எதையும் குடித்ததில்லை. இறந்தவனால் அதை எழுந்து வந்து சொல்ல முடியாது.

ஷீலாவால் முடியும். அவளும் அதே தொழில்தான். ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேபைப் பார்த்துக்கொள்பவள். அந்தக் கடை ஸ்கோப்பை ஆல்வின் ராத்திரிச் சாப்பாட்டின்போது திட்டுவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஒரு குமிழ் உடைந்து போய், அதற்குப் பதிலாகப் பற்பசை மூடியை ஒட்டி வைத்திருப்பதைச் சொல்லிச் சிரித்திருக்கிறான். கீழ்க்கட்டளையில் கழித்துப் போடுகிற எதுவும் கடைசியில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குத்தான் வந்து சேரும் என்று அவளுக்குத் தெரியும். வாராவாரம் போனாள். உடைந்த மிக்ஸிகளுக்கும் கழுத்தில்லாத பொம்மைகளுக்கும் நடுவே குனிந்து குனிந்து தேடினாள். மழைக்காலம் தொடங்கும்போது சேட்டு என்கிற வியாபாரியின் தார்ப்பாய்மேல் அது உட்கார்ந்திருந்தது. சிவப்புப் பற்பசை மூடியோடு.

“ஓடாதும்மா அது. தகரத்துக்குத்தான் வெச்சிருக்கேன்,” என்றான் சேட்டு.

“ஓடும்,” என்றாள்.

பின்மூடியைத் திறந்ததும் தேடியது முதலில் கண்ணில் பட்டது. தகர உடம்போடு இணைந்திருக்க வேண்டிய பச்சை எர்த் ஒயர் கழட்டப்பட்டு, முனையில் கறுப்பு டேப் சுற்றி, ஓரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. டேப்பின்மேல் பல வருஷத் தூசு. ஆல்வின் அந்தக் கடையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

யுபிஎஸ் போர்டைச் சோதிக்க ஸ்கோப் ஒயரின் எர்த் கிளிப்பை அதில் மாட்டினால் ஃப்யூஸ் வெடிக்கும், கிளிப்புக்கும் சுவர் எர்த்துக்கும் தொடர்பு இருப்பதால். ஒழுங்கான கடைகளில் நடுவே ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்துக்கொள்வார்கள். மற்ற கடைகளில் ஸ்கோப்பின் எர்த்தைக் கழட்டிவிடுவார்கள். பிறகு ஃப்யூஸ் வெடிக்காது. பதிலாக, கிளிப்பை மாட்டியதும் ஸ்கோப்பின் தகரம் முழுக்கக் கரண்ட் ஏறி நிற்கும். பெட்டியைத் தொடாமல் வேலை செய் என்று சொல்லிவிடுவார்கள். பழகிய கை எப்போதாவது மறக்கும்.

திங்கட்கிழமை மின்சார ஆய்வாளர் வருவதாகச் சொல்லியிருந்தார். ஆறு மனு கொடுத்த பிறகு கிடைத்த ஒரு வருகை. ஓடாத ஸ்கோப்பைக் காட்டினால், செத்த பெட்டியை எவன் போர்டில் மாட்டுவான் என்று சத்யநாராயணன் சிரிப்பார். அதனால் ஓடவைத்தே ஆக வேண்டும். எர்த் ஒயரை மட்டும் தொடாமல் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிழைக்க வைத்தாள். மீன் நாற்றமடித்துக் கசிந்த கண்டென்சர்களைப் பிடுங்கிப் புதிதாக வைத்தாள். களிம்பு பிடித்த சுவிட்சுகளை ஸ்பிரிட்டில் கழுவினாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும், பிக்சர் டியூபுக்குப் போகும் உயர் அழுத்தப் பகுதியில் எரிந்துபோன டயோடை மாற்றினாள். ஒரு கை பட்டால் பிழைக்கலாம். இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். அது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் கை தானாகச் செய்கிற பழக்கம்.

இப்போது எல்லாம் ஓடியது. இந்த அலையைத் தவிர.

“இன்னாடி, இன்னும் அந்தப் பொட்டியவே கட்டிகினு அழுவுற?” மாமியார் தபீதாள் உள்ளறை வாசலில் நின்றாள். “காபி ஆறிகினு கீது.”

“ஆறட்டும் அத்தை.”

“சனிக்கெழம ஜெபக்கூட்டத்துக்காச்சும் வா. எல்லாரும் உன்னியத்தான் கேக்குறாங்க.”

“எதைக் கேக்குறாங்க? உங்க புள்ள குடிச்சானா இல்லையான்னா?”

தபீதாள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “அவங்கப்பனும் அப்டித்தான் சொல்லிகினு இருந்தாரு. தொடவே மாட்டேன், தொடவே மாட்டேன்னு. கடேசில இன்னா ஆச்சு?”

ஷீலாவின் காதுக்குள் ரத்தம் இரைந்தது. பெற்றவளே நம்பவில்லை. வெளியாட்கள் சொன்னால் சண்டை போடலாம். இந்தக் கிழவியிடம் என்ன செய்வது?

“உள்ள போங்க அத்தை,” என்றாள். “இல்லன்னா என் வாயில ஏதாச்சும் வந்துரும்.”

தபீதாள் போகாமல் திரையை எட்டிப் பார்த்தாள். “அது இன்னா, புழு மாரி நெளியுது?”

“யாராவது தொட்டா அப்படி வரும்.”

“யாரு தொட்டுகினு கீறாங்க?”

ஷீலா ப்ரோப் முனையைப் பார்த்தாள். அலை தானாக அடங்கி நேர்க்கோடானது.

அன்று ராத்திரி அவள் பற்பசை மூடியைப் படமெடுத்து சத்யநாராயணனின் வாட்ஸாப்புக்கு அனுப்பினாள். கீழே எதுவும் எழுதவில்லை. இரண்டு நீல டிக்குகள் உடனே வந்தன. பதில் வரவில்லை.

மறுநாள் மழை. பக்கத்து விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்களின் இரைச்சல்கூட இல்லாத சாம்பல்நிறப் பிற்பகல். தெருவில் நிரம்பிய சாக்கடைத் தண்ணீரின் வாடை, ஈரத்துணியின் வாடை, ஸ்கோப்பின் காற்றுத் துளைகளிலிருந்து எழும் சூடான தூசியின் வாடை எல்லாம் ஒன்றாகி அறைக்குள் தேங்கியிருந்தன. ப்ரோப் ஒயரில்தான் கோளாறு என்று முடிவுகட்டி லேபிலிருந்து புது ப்ரோப் கொண்டுவந்து மாட்டினாள். கோடு நேராகப் படுத்தது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். தூரத்தில் எலக்ட்ரிக் ரயிலின் ஹாரன் கேட்டு ஓய்ந்தது.

கோடு லேசாகத் தடித்தது.

பிறகு, அவசரமே இல்லாமல், அலையாக எழுந்தது.

ஃபேனை நிறுத்தினாள். டியூப்லைட்டை அணைத்தாள். உள்ளே போய் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். கட்டிலில் தபீதாள் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது இருட்டிய அறையில் அந்தப் பச்சை ஒளி மட்டும் சுவரில் மெல்ல அசைந்தது. வீட்டில் ஓடுவது ஸ்கோப் ஒன்றுதான். அலை குறையவில்லை. அவள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். ஒயர் கோளாறில் வருகிற அலை இயந்திரம்போல ஒரே அளவில் நிற்கும். இது நிற்கவில்லை. ஒரு சின்ன நடுக்கம் இருந்தது அதில். தசை அலுக்கும்போது விரல் கொஞ்சம் தளரும், பிறகு மறுபடி அழுத்தும், அதுபோல. தளர்ந்தது. அழுத்தியது. விட்டது. கோடு படுத்தது. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு மறுபடி வந்தபோது முன்பைவிட இரண்டு மடங்கு பெரிதாக வந்தது.

ஈர விரல் அப்படித்தான் பெரிதாகக் காட்டும்.

ஆல்வினுக்கு ஒரு அசிங்கமான பழக்கம் உண்டு. ப்ரோப்பைத் தொடும் முன் விரலை நாக்கில் வைத்து எச்சில் தொட்டுக்கொள்வான். எத்தனையோ முறை அவள் அவன் கையில் அடித்திருக்கிறாள்.

மேஜை விளக்கைப் போட்டு முனையைப் பார்த்தாள். ஊசியின் நுனியில் ஈரம். ஒரு சொட்டுக்கூட இல்லை, வெறும் பளபளப்பு. மழைச் சாரல் இவ்வளவு தூரம் வராது.

கோபம் எழுந்தது, அத்தனை மாதமும் ஆளில்லாமல் அலைந்த கோபம்.

“நீதானா?” என்றாள்.

அலை நின்றது. கோடு காத்திருந்தது.

“நீதான்னா இப்ப எதுக்கு வர்ற? எத்தனை தடவை சொன்னேன், எர்த் இல்லாத பெட்டியில கை வைக்காதே, அந்த ஆளு மூஞ்சியில விட்டெறிஞ்சுட்டு வான்னு? சிரிச்ச. எல்லாக் கடையிலயும் இப்படித்தான் ஷீலான்னு சிரிச்ச. இப்ப எல்லாரும் உன்னைக் குடிகாரன்னு சொல்றாங்க. உங்கம்மா சொல்றாங்க. நான் ஒருத்தி தெருத்தெருவா தகரக் கடையில பொறுக்கிக்கிட்டு இருக்கேன். நீ இங்க வந்து விளையாடுறியா?”

கோடு அசையவில்லை. அவளுக்கு மூச்சு வாங்கியது.

மேஜையில் போன் துடித்தது. சத்யநாராயணன். *நாளைக்கு சாயந்திரம் வீட்டுக்கு வர்றேன். யார்கிட்டயும் எதுவும் பேச வேண்டாம்.*

அந்த இரண்டாவது வரியை அவள் பலமுறை படித்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தொங்கும் அந்த ஊசி முனைக்கு மிக அருகில் வாயைக் கொண்டுபோனாள்.

“அவன் நாளைக்கு வர்றான். கேட்டியா? வந்தா பிடிச்சுக்கோ. விடாத. என்ன ஆனாலும் விடாத.”

அலை திரையின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் எழும்பி நின்றது. அவ்வளவு பெரிய அலையை அவள் எந்த மனித விரலிலும் பார்த்ததில்லை. ஆல்வினுடையது மெலிந்த கை, ஈரம் இருந்தாலும் பாதித் திரைக்குமேல் வராது. அந்த நினைப்பு ஒரு கணம் வந்தது. அதைத் தள்ளிவிட்டாள். கோபமாக இருக்கும்போது துணைக்கு வருகிறவர்களிடம் யாரும் முகவரி கேட்பதில்லை.

சனிக்கிழமை தபீதாள் குடையோடு ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பிப் போனாள். ஷீலா மேஜையைத் தயார் செய்தாள். பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிவந்த பழைய யுபிஎஸ்ஸைத் திறந்து, அதன் போர்டில் ஸ்கோப்பின் கிளிப்பை மாட்டினாள், அந்த மத்தியானம் இருந்தபடியே. திங்கட்கிழமை ஆய்வாளருக்குக் காட்டப் போகும் அதே ஏற்பாடு. டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைச் சுவரின் எர்த்திலும் மறு முனையை ஸ்கோப்பின் தகரத்திலும் வைத்தாள். பல்பு பிரகாசமாக எரிந்தது. ஆளைக் கொல்ல அது போதும். லாம்பை எடுத்துவிட்டு, மேஜையைச் சுற்றி நாற்காலிகளை அடைத்து வைத்தாள்.

மழையில் ஒரு கார் வந்து நின்றது. சத்யநாராயணன் செருப்பை வெளியே விட்டுவிட்டு, நனைந்த வேட்டியைப் பிடித்தபடி உள்ளே வந்தார். உடம்பு பருத்திருந்தது, முகம் மட்டும் வற்றியிருந்தது.

“ரொம்ப இளைச்சுட்டியேம்மா.”

“உக்காருங்க சார்.”

“எதுக்கும்மா இதெல்லாம்? நடந்தது நடந்து போச்சு. ஆல்வின் எனக்குத் தம்பி மாதிரி.”

“தம்பி குடிச்சுட்டு வந்தான்னு போலீஸ்ல சொன்னீங்களே. நல்ல அண்ணன் சார் நீங்க.”

அவர் மர ஸ்டூலில் உட்கார்ந்தார். கண் ஸ்கோப்பைப் பார்த்தது, பற்பசை மூடியில் ஒரு கணம் நின்றது, விலகியது. “இது என்னோடதுன்னு யார் சொன்னா? சந்தையில இந்த மாதிரி நூறு கிடக்கும்.”

“உங்களோடது இல்லையா?”

“இல்லவே இல்ல.”

“எர்த் கழட்டியிருக்கா இல்லையான்னுகூட உங்களுக்குத் தெரியாது?”

“எனக்கு எப்படிம்மா தெரியும்?”

“சரி சார். அப்ப தொடுங்க.”

“என்னது?”

“யாரோடதோ ஒரு ஸ்கோப். ஓடிக்கிட்டிருக்கு. எந்த ஸ்கோப்பையும் மேல கை வெச்சுத்தான பார்ப்போம்? கை வைங்க.”

மழை ஓட்டில் கொட்டியது. திரையில் கோடு நேராக இருந்தது. சத்யநாராயணன் மேஜையைப் பார்த்தார். திறந்த யுபிஎஸ்ஸை, அதில் மாட்டியிருந்த கிளிப்பை, அங்கிருந்து ஸ்கோப்புக்கு ஓடும் ஒயரைப் பார்த்தார். அவருடைய இடது கை மெல்ல எழுந்து, அவரை அறியாமல், முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

ஷீலா அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

“தொடுங்க சார்,” என்றாள். “சாதாரணப் பெட்டிதான? தொடுங்கய்யா. அவன் தொட்டான் இல்ல? தொடு!”

“வேணாம்மா.” ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார். “வேணாம். நான்தான்.”

“என்ன நான்தான்?”

“நான்தான் கழட்டினேன். தினம் ஃப்யூஸ் போய்க்கிட்டே இருந்தது. ஆல்வினுக்கு முன்னாடி ரவின்னு ஒரு பையன் வேலை பார்த்தான், அவன் காலத்துலயே கழட்டியாச்சு. எல்லாரும் பண்றதுதான்...” முகத்தைத் துடைத்தார். “ஆல்வின் குடிக்கல. அன்னிக்கு டீகூட குடிக்கல. தண்ணி மாதிரி வேர்த்துக்கிட்டு இருந்தான். பெட்டியைக் கொஞ்சம் திருப்பிவைன்னு நான்தான் சொன்னேன். நான்தான். மறந்துட்டேன்மா. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா, பயந்துட்டேன்.”

கோபம் இறங்கிவிடும் என்று ஷீலா அத்தனை மாதமும் நினைத்திருந்தாள். இறங்கவில்லை. போக இடம் தெரியாமல் நெஞ்சுக்குள்ளேயே நின்றது.

“திங்கக்கிழமை ஆய்வாளர்கிட்ட இதைச் சொல்வீங்களா?”

“சொல்றேன்.”

“எங்க அத்தைகிட்ட? குடிக்கலைன்னு?”

“சொல்றேம்மா. அவங்க கால்ல விழுந்து சொல்றேன்.”

“இப்ப ஒரு தடவை போன்ல சொல்லுங்க. நான் பதிவு பண்ணிக்கிறேன்.”

அவர் தலையாட்டினார். “அதை முதல்ல ஆஃப் பண்ணு. பார்க்கவே முடியல.”

அணைத்தாள். அடைத்திருந்த நாற்காலிகளை விலக்கி, யுபிஎஸ்ஸின் பிளக்கையும் ஸ்கோப்பின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கினாள். போர்டிலிருந்த கிளிப்பைக் கழற்றி, ஒயர்களைச் சுருட்டி மேஜையில் போட்டாள். அணைத்ததுமே பச்சைக்கோடு ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்திருந்தது. போன் சமையலறையில் சார்ஜில் இருந்தது. அதை எடுக்கப் போனாள்.

திரும்பி வரும்போதே பதிவைத் தொடங்கியிருந்தாள். சத்யநாராயணன் எழுந்து நின்றிருந்தார். ஸ்டூலிலிருந்து எழும்போது பிடிமானத்துக்கு ஊன்றியிருப்பார்போல; வலது உள்ளங்கை ஸ்கோப்பின் மேல்தகரத்தில் பதிந்திருந்தது.

“சொல்லுங்க சார்.”

அவர் வாயைத் திறந்தார்.

குரல் வரவில்லை. கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்தன. கண்கள் அவளையே பார்த்தன.

“சார்?”

திரையில் ஒரு பச்சைப் புள்ளி. புள்ளி கோடானது. கோடு தடித்தது.

பிளக் மேஜைமேல்தான் கிடந்தது. மூன்று பித்தளை முனைகளும் வெளியே தெரிந்தன.

ஒரு கணம் அவளால் நகர முடியவில்லை. பிறகு கை பழகியதைச் செய்தது. ஷாக்கில் இருப்பவரைத் தொடக்கூடாது. காய்ந்த மரத்தால் தள்ள வேண்டும். ஸ்டூலை எடுத்து அவர் முழங்கையில் இடித்தாள். மறுபடி இடித்தாள். முழு பலத்தோடு. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. உள்ளங்கை தகரத்தை விட்டு வரவில்லை.

வாசலுக்கு ஓடி மெயினை இறக்கினாள்.

வீடு இருண்டது. ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. ஃப்ரிட்ஜ் அடங்கியது. மழைச் சத்தம்.

இருட்டில் பச்சை ஒளி எரிந்தது. அந்த ஒளியில் அவர் முகம்.

சுவர்களுக்குள் இப்போது எதுவும் ஓடவில்லை. எந்த விரலாலும் எதையும் வாங்க முடியாது. அலை மட்டும் வளர்ந்தது.

“விடு,” என்றாள் ஷீலா. “ஆல்வின், விடு. அவர் சொல்றேன்னுட்டார். அவர் இருந்தாத்தான் சொல்ல முடியும். வேற யாருக்கும் தெரியாது. விடுப்பா. நான் கோபத்துல சொன்னேன். விடு!”

அலை திரையின் விளிம்பைத் தாண்டியது.

“நீ ஆல்வின்தான?”



சத்யநாராயணனின் இடது கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அது இப்போது அசைந்தது. அவர் அசைக்கவில்லை. அவர் உடம்பு முழுவதும் அதைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது, தோள் துடித்தது. மணிக்கட்டின் சதையில் குழிகள் விழுந்தன. நான்கு குழிகள், வரிசையாக. ஒவ்வொன்றும் ஈரமாக.

கை முன்னால் வந்தது. அவசரமே இல்லாமல். இடுப்பைத் தாண்டி. மேஜை விளிம்பைத் தாண்டி.

போன் அவள் கையில் பதிவு செய்துகொண்டே இருந்தது. நொடிகள் ஓடின. அதன் ஒலிக்கோடு படுத்தே கிடந்தது. பச்சை வெளிச்சத்தில் அவர் உதடுகள் மட்டும், சத்தமில்லாமல், சொல்வதாக அவளுக்கு வாக்குக் கொடுத்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லின. நான்தான். நான்தான். நான்தான். இடது கையின் ஐந்து விரல்களும் ஒவ்வொன்றாக விரிக்கப்பட்டு, தகரத்துக்கு மேலே, ஒரு விரற்கடை உயரத்தில் வந்து நின்றன.